விருந்தினருக்கு வீடு விடுவோர் கவனத்திற்கு
திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ ஓரிரு நாள் தங்குவோருக்கு வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள், அமாவாசையன்று மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவம் நள்ளிரவை ஒட்டியே நடைபெறுவதை நினைவிற்கொண்டு, தரிசனம் முடித்து அகாலத்தில் திரும்பும் குடும்பத்தாருக்காக வாசல் விளக்கை எரியவிட்டு, குளிக்க வெந்நீரும் கூடத்தில் பாய் தலையணைகளும் ஆயத்தமாக வைத்திருப்பது உத்தமம். மறுநாள் காலையிலேயே அறையைக் காலி செய்யச் சொல்லி அவர்களை எழுப்புவது சற்றும் நியாயமன்று. செஞ்சிக் கோட்டைக்குப் புறப்படுவோரிடம், வெயில் ஏறுமுன் ராஜகிரியில் ஏறிவிடவும், குரங்குகள் பறிக்காதபடி தின்பண்டங்களை மூடிய பைக்குள் வைக்கவும் சொல்லி, குடிநீர் நிரப்பிக் கொடுங்கள். ஆரோவில் காண வரும் அயல்நாட்டாரைத் தங்கவைத்தால், வந்த 24 மணி நேரத்திற்குள் அவர்களது பாஸ்போர்ட், விசா விவரங்களை அரசின் இணையதளத்தில் பதிவு செய்வது வீட்டுக்காரரின் சட்டபூர்வமான கடமை.