கோடையில் கோழிகளுக்குத் தர்பூசணி: கொடுக்கும் முறையும் அளவும்

மாசி மாதம் பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும், திண்டுக்கல்லிலிருந்து தேவதானப்பட்டி, பெரியகுளம் வழியாகக் குமுளி செல்லும் நெடுஞ்சாலையின் ஓரங்களில் தர்பூசணிக் கடைகள் தோன்றிவிடுகின்றன. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி பி.கே.எம். 1 என்ற தர்பூசணி இரகத்தையே வெளியிட்டிருக்கிறது; ஆகவே இப்பழம் நம் பகுதிக்குப் புதியதன்று. உண்டு மிஞ்சிய துண்டும், தோட்டத்தில் விலைபோகாமல் கழிந்த பழமும் கோழிகளுக்கு இரையாவது நம் அங்கத்தினர் வீடுகளில் இயல்பே. அது நன்மையா, தீமையா என்பதை இம்மாதப் பாடத்தில் ஆராய்வோம்.

சுருக்கமான விடை இது: தர்பூசணி கோழிக்கு விஷமன்று, ஆனால் அது தீனியும் அன்று. இவ்விரண்டையும் சேர்த்து மனத்திற் கொண்டால் தவறு நேராது.

பழத்தில் இருப்பது யாது?

நூறு கிராம் தர்பூசணிச் சதையில் ஏறக்குறைய 91 கிராம் நீரே உள்ளது. சர்க்கரை சுமார் 6 கிராம். புரதம் ஒரு கிராமுக்கும் குறைவு. முட்டையிடும் கோழிக்குரிய தீனியிலோ நூற்றுக்கு 16 பங்கேனும் புரதமும், முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் இருத்தல் வேண்டும்.

பத்துக் கோழிகள் வளர்க்கும் ஒரு நெசவாளர் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அவற்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் ஒரு கிலோ தீனி தேவை. அதில் 160 கிராம் புரதம் கிடைக்கிறது. ஒருநாள் இரண்டு கிலோ பழச்சதையை முன்னே வைத்தால், குளிர்ச்சியை விரும்பிக் கோழிகள் இரைப்பையை அதைக் கொண்டே நிரப்பிவிடும். முழுவதையும் தின்றாலும் அவற்றுக்குக் கிட்டும் புரதம் பன்னிரண்டு கிராம் அளவே. வயிறு நிறைந்த கோழி தீனியைத் தொடாது. இது நாள்தோறும் நடந்தால் முட்டை குறையும். குஞ்சுகள் எடை கூடா. முட்டைக் காசைக் கொண்டு வீட்டுச் செலவின் ஒரு பகுதியை ஈடுகட்டும் குடும்பத்துக்கு இது சிறு நஷ்டமன்று.

பயன் எங்கே?

கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. வெப்பம் மிகும்போது அது வாயைத் திறந்து இரைத்து, மூச்சின் வழியாகவே உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. அவ்வாறு இரைப்பதில் உடலின் நீர் குறைகிறது. கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறுவதால் முட்டை ஓடும் மெலிகிறது. உச்சிவேளையில் ஒரு துண்டு தர்பூசணி நீரிழப்பை ஓரளவு ஈடுசெய்யும். ஆனால் ஓட்டை உறுதிப்படுத்தும் சுண்ணாம்பு அதில் போதிய அளவு இல்லை. அதற்குப் பொடித்த கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வைத்தல் வேண்டும். நிழலும் குளிர்ந்த குடிநீரும் முதன்மை. பழம் அவற்றுக்குத் துணையே.

கொடுக்கும் முறை

1. காலைத் தீனியைத் தின்று முடித்த பின்னர், நண்பகலில் கொடுக்க வேண்டும்.

2. வளர்ந்த கோழி ஒன்றுக்கு 30 கிராம் சதை போதும். பத்துக் கோழிகளுக்கு 300 கிராம். வாரத்தில் இரண்டு மூன்று நாட்களே கொடுக்கலாம்.

3. பழத்தை வெட்டுமுன் கழுவுக. மருந்து தெளித்த தோட்டத்துப் பழமாயின், அம்மருந்துக்குக் குறித்த காத்திருப்பு நாட்கள் கழியாமல் கொடுத்தல் ஆகாது.

4. பழத்தைத் தரையில் எறியாமல் தட்டில் வைத்து நிழலில் கொடுக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் மிச்சத்தை அகற்றிவிட வேண்டும்.

5. வளர்ந்த கோழி விதையை விழுங்கினால் அஞ்ச வேண்டா. அரைவைப்பையில் உள்ள சிறுகற்கள் அதை அரைத்துவிடும். ஒரு மாதத்துக்கு உட்பட்ட குஞ்சுகளுக்குப் பழம் வேண்டா. அதன் பின்னரும் விதை நீக்கி, பொடியாக நறுக்கிச் சிறிதளவே கொடுக்கலாம்.

6. வெள்ளைப் பகுதியைக் கோழி கொத்தித் தின்னலாம். கடினமான பச்சைத் தோலைத் துண்டுதுண்டாக நறுக்கிப் போடுதல் கூடாது. அது இரைப்பையில் அடைத்துக்கொள்ளும்.

விலக்க வேண்டியவை

புளித்த பழமும் பூஞ்சை பிடித்த பழமும் குப்பைக் குழிக்கே உரியவை. பூஞ்சை பிடித்த இடத்தை மட்டும் செதுக்கிவிட்டுக் கொடுத்தலும் தவறு. உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய கடைத்துண்டுகளைக் கொடுத்தல் ஆகாது. மிகையான உப்பு கோழிக்கு நஞ்சாகும். வறண்ட நிலங்களில் படரும் பேய்க்குமட்டி தர்பூசணிக்கு உறவான கொடியே. ஆயினும் அதன் காயில் உள்ள கசப்புப் பொருள் நச்சுத்தன்மை உடையது. கசக்கும் காய் எதுவாயினும் விலக்குக.

நான்காம் விதியின் காரணத்தையும் அறிதல் நலம். சிந்திய சாறு ஈக்களை அழைக்கும், தரையை ஈரமாக்கும். இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் கிருமியின் முட்டைகள் எச்சத்தில் வெளிவந்து, ஈரமும் வெப்பமும் சேர்ந்த தரையில் ஓரிரு நாட்களில் தொற்றும் ஆற்றலைப் பெறுகின்றன. குஞ்சுகளே அதற்கு முதலில் இரையாகும்.

நோயா, பழமா?

தர்பூசணி தின்ற கோழியின் எச்சம் நீர்த்திருக்கும். கோழி சுறுசுறுப்பாக மேய்ந்து, பழத்தை நிறுத்திய மறுநாளே எச்சம் கட்டிப்பட்டால் கவலை இல்லை. ஆனால் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, சிறகைத் தொங்கவிட்டு, தீனி மறுத்து, மூச்சுத் திணறினாலோ கழுத்து திருகினாலோ, அது ராணிக்கெட் எனும் கோழிக்கழிச்சலாக இருக்கக்கூடும். ‘பழம் தின்றதால் கழிகிறது’ என்று இரண்டு நாள் காத்திருந்தால் கொட்டிலே காலியாகிவிடும்; அடுத்த வீட்டுக் கோழிகளும் தப்பா. அந்நோய்க்குத் தனி மருந்தில்லை, தடுப்பூசியே காப்பு. நலிந்ததைப் பிரித்து வைத்து, உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லியனுப்புக.

இங்கே மற்றொன்றையும் கவனித்தல் அவசியம். தடுப்பு மருந்தைக் குடிநீரில் கலந்து கொடுக்கும் நாளில் தர்பூசணியை அறவே நிறுத்துக. கோழிகளைச் சிறிது நேரம் தாகத்தில் வைத்து, பிறகு மருந்து நீரைக் குடிக்கச் செய்வதே அதன் முறை. பழம் தின்ற கோழிக்குத் தாகம் இராது. மருந்து நீர் தொட்டியிலேயே நின்றுவிடும். ஊசி போட்டதாகவே நாம் எண்ணியிருப்போம். கோழியோ பாதுகாப்பின்றி இருக்கும்.

கலந்துரையாடற் கேள்விகள்

1. தர்பூசணியைத் தீனிக்குப் பதிலாகக் கொடுத்தால் முட்டை குறைவதேன்?

2. உங்கள் வீட்டுக் கோழிகளுக்கு ஒருவேளைக்கு எத்தனை கிராம் பழம் ஆகும்? கணக்கிடுக.

3. பழத்தால் நீர்த்த எச்சத்தையும் நோயால் வரும் கழிச்சலையும் எவ்வாறு பிரித்தறிவீர்?

4. தடுப்பு மருந்து கொடுக்கும் நாளில் பழத்தை நிறுத்துவதேன்?

அங்கத்தினர்கள் இவற்றைத் தம் இல்லத்தாரோடும் பேசிப் பார்த்தல் நலம். பெரும்பாலான வீடுகளில் கோழிக்கு இரை வைப்பவர்கள் பெண்களும் பிள்ளைகளுமே. பாடம் அவர்களிடம் சென்று சேர்ந்தால்தான் பயன் விளையும்.