ஆளுக்கொரு பந்து

கால்பந்து அகாடமியில் புதிதாகச் சேரும் கோச்சுக்குப் பெரும்பாலும் முதலில் ஒப்படைக்கப்படுவது ஆறு, ஏழு வயது வாண்டுகள். கல்லூரி அணிக்கு ஆடிய பெருமையெல்லாம் அவர்களிடம் எடுபடாது. "சார், மேட்ச் எப்ப சார்?" என்பதுதான் அவர்களுடைய ஒரே கேள்வி. அது நியாயமான கேள்வியும்கூட.

வரிசையை ஒழியுங்கள். பதினைந்து பேரை நிறுத்தி ஒருவர்பின் ஒருவராகக் கோன்களைச் சுற்றிவரச் சொன்னால், வரிசையில் நிற்பதைத்தான் அவர்கள் கற்றுக்கொள்வார்கள். வேலைக்குச் சேரும்போதே ஆளுக்கொரு பந்து வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். அதுவும் 3ஆம் நம்பர் பந்து. பெரியவர்கள் ஆடும் 5ஆம் நம்பர் பந்து அந்தச் சின்னக் கால்களுக்குப் பெரிது, கனமும் அதிகம்.

தெருவில் ஆடும் 'லாக் அண்ட் கீ'யை அப்படியே கிரவுண்டுக்குக் கொண்டு வாருங்கள். சுமார் 20 மீட்டருக்கு 20 மீட்டர் சதுரம். இரண்டு பேர் பந்தில்லாமல் துரத்துவார்கள். மற்றவர்கள் பந்தோடு தப்பி ஓட வேண்டும். தொடப்பட்டவர் பந்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக் கால்களை அகட்டி நிற்பார். நண்பன் தன் பந்தை அந்தக் கால்களுக்கு நடுவே உருட்டிவிட்டால் விடுதலை. துரத்துபவரைப் பார்க்கவே தலையை நிமிர்த்தியாக வேண்டும். நண்பனைக் காப்பாற்றப் பாதத்தின் உட்பக்கத்தால் குறிபார்த்துத் தள்ள வேண்டும். டிரிப்ளிங்கும் பாஸும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை துரத்துபவர்களை மாற்றுங்கள். யாரையும் 'அவுட்' என்று வெளியே உட்காரவைக்காதீர்கள். முதலில் அவுட்டாகும் குழந்தைக்குத்தான் பந்தோடு அதிக நேரம் தேவை.

இன்னும் சின்னவர்களுக்கு டிராஃபிக் சிக்னல் போதும். பச்சை என்றால் ஓட்டு, சிவப்பு என்றால் பந்தின்மேல் பாதம்.

கடைசி இருபது நிமிடம் மேட்ச். மூன்று பேருக்கு எதிராக மூன்று பேர், நான்கு குட்டி கோல்கள். ஜெர்மானிய ஹாக்கிப் பயிற்சியாளர் ஹார்ஸ்ட் வைன் 'ஃபுனினோ' என்ற பெயரில் வளர்த்தெடுத்த ஆட்டம் இது. ஜெர்மன் கால்பந்துச் சங்கம் 2024-25 பருவம் முதல் சிறுவர் பிரிவுகளில் இதுபோன்ற சிற்றாட்டங்களைக் கட்டாயமாக்கியது. ஒரு கோலின் முன்னால் கூட்டம் சேர்ந்தால் குழந்தை தானாகவே எதிரணியின் மற்ற கோலுக்குத் திரும்பும். அந்தத் திரும்பல்தான் ஆட்ட அறிவு. எவ்வளவு கத்தினாலும் அதை ஊட்ட முடியாது. கோலுக்கு இரண்டு கோன்களே போதும்.

தலையால் முட்டும் பயிற்சி இந்த வயதில் வேண்டவே வேண்டாம். தொடக்கப் பள்ளி வயதினருக்கு அதைப் பயிற்சியில் தவிர்க்கும்படி இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் 2020இல் அறிவுறுத்தியது.

வேலைக்கு முன் டெமோ கேட்பார்கள். குழந்தைகள் வருமுன் சதுரத்தை அமைத்துவிடுங்கள். விதியை அரை நிமிடத்துக்குள் சொல்லி, உடனே ஆடவிடுங்கள். சேர்ந்த பிறகு, கோட்டோரம் நின்று "அடி, அடி!" என்று கத்தும் பெற்றோரிடம் முதல் நாளே தன்மையாகப் பேசி, வெளியே ஓடும் பந்தை எடுத்துப்போடும் வேலையைக் கொடுங்கள். பெரும்பாலானோர் சந்தோஷமாகச் செய்வார்கள்.