பல் சுகாதாரப் பணியாளர் பயிற்சி: சேரும் முன் அறிய வேண்டியவை

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும், "என் மகளை எந்தப் படிப்பில் சேர்க்கலாம்?" என்ற கேள்வியுடன் பெற்றோர் பலர் ஒன்றிய அலுவலகத்தை நாடி வருவது வழக்கம். மருத்துவக் கல்லூரியில் இடம் பெறப் போதிய மதிப்பெண் இல்லை. ஐந்தாண்டுகள் செலவு செய்யும் வசதியும் இல்லை. ஆயினும் மருத்துவம் சார்ந்த தொழிலொன்றைப் பிள்ளைகள் கற்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். அத்தகைய குடும்பங்கள் கருதத்தக்க படிப்புகளுள் ஒன்று பல் சுகாதாரப் பணியாளர் பயிற்சி. டெண்டல் ஹைஜீனிஸ்ட் படிப்பு என்று கல்லூரிகளில் வழங்குவது இதுவே.

பணியின் தன்மை

நம் பற்களின் மீது கிருமிகள் நிறைந்த மெல்லிய படலமொன்று நாள்தோறும் படிகிறது. அதைத் துலக்கி நீக்காவிடில், உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து அதனோடு சேர்ந்து காரையாக இறுகிவிடும். இறுகிய காரை எவ்வளவு துலக்கினாலும் போகாது. அதனால் ஈறு வீங்கி இரத்தம் கசியும். நாளடைவில் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து பல் ஆடத் தொடங்கும்.

இக்காரையைக் கருவி கொண்டு அகற்றுதல், பல்லைத் துப்புரவு செய்து மெருகிடுதல், வாயைத் தூய்மையாக வைத்துக்கொள்ளும் முறையைக் கற்பித்தல் ஆகியவையே இப்பணியாளரின் வேலைகள். 1948 ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் இப்பணியை இவ்வாறே வரையறுத்தது. பல் பிடுங்குவதும் சொத்தையை அடைப்பதும் இவருடைய வேலைகள் அல்ல. அவை பல் மருத்துவருக்கு உரியவை. பல் மருத்துவரின் மேற்பார்வையில் பணியாற்றுபவரே இவர்.

காரையை எடுத்தால் பல் ஆடிவிடும் என்ற அச்சம் நம் கிராமங்களில் உண்டு. உண்மை வேறு. எலும்பு முன்னமே கரைந்துபோன பல்லைக் காரையே கெட்டியாகப் பிடித்திருப்பது போல் தோன்றும். காரை நீங்கியதும் பழைய சேதம் வெளிப்படுகிறது. ஆகவே காலம் கடத்தாமல் அதை நீக்குவதே பல்லைக் காக்கும் வழி. தர்மபுரி மாவட்டம் போன்ற இடங்களில் நிலத்தடி நீரிலுள்ள மிகுதியான ஃபுளோரைடினால் குழந்தைகளின் பற்களில் உண்டாகும் பழுப்புக் கறை இதனின்றும் வேறானது. பல் உருவாகும் பருவத்திலேயே ஏற்படும் அக்கறை துப்புரவு செய்வதால் மறையாது. காரை எது, கறை எது என்று பிரித்தறிவதும் பயிற்சியின் ஒரு பகுதியே.

தொடக்கம்

இத்தொழில் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரில் தோன்றியது. ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் என்ற பல் மருத்துவர், நோய் வந்தபின் பல்லைப் பிடுங்குவதினும் வருமுன் காப்பதே மேல் எனக் கருதினார். 1906 ஆம் ஆண்டில் தம் உதவியாளரான ஐரீன் நியூமன் என்ற பெண்மணிக்கு இப்பணியைக் கற்பித்தார். 1913 ஆம் ஆண்டில் இதற்கென முதல் பயிற்சிப் பள்ளியையும் தொடங்கினார். அங்குப் பயின்ற பெண்களுள் பலர் அந்நகரப் பள்ளிகளில் குழந்தைகளின் பற்களைத் துப்புரவு செய்யவும், பல் துலக்கும் முறையைக் கற்பிக்கவும் அமர்த்தப்பட்டனர்.

பயிற்சியின் விவரம்

நம் நாட்டில் இது இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு. இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களுடன் பன்னிரண்டாம் வகுப்பில் தேறியவர்கள் சேரலாம். உடற்கூறு, பற்களின் அமைப்பு, கிருமிகளின் இயல்பு, கருவிகளைக் கிருமி நீக்கம் செய்யும் முறை, ஈறு நோய்கள், சமுதாயப் பல் சுகாதாரம் முதலியன கற்பிக்கப்படுகின்றன. முதலில் மாதிரிப் பற்களிலும், பின்னர் ஆசிரியரின் கண்காணிப்பில் நோயாளிகளிடத்தும் மாணவர் கைப்பழக்கம் பெறுவர். ஏர் பிடிப்பதைப் புத்தகத்தில் படித்து அறிய இயலாதது போலவே, இதையும் நோயாளிகள் வராத இடத்தில் கற்க இயலாது.

ஒரு படிப்பினை

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணிபுரிந்த ஒன்றியத்தில், நிலக்கடலை பயிரிடும் விவசாயி ஒருவர் கிராம சபைக் கூட்டத்தில் என்னைச் சந்தித்தார். தம் மகள் நகரத்தில் இப்பயிற்சியில் சேர்ந்திருப்பதாக மகிழ்ச்சியுடன் கூறினார். நானும் பாராட்டினேன். ஓராண்டு கழித்து அவர் ஒரு சான்றிதழுடன் அலுவலகம் வந்தார். அதைக் கொண்டு பதிவு செய்துகொள்ள இயலாது என்று மகளிடம் கூறிவிட்டார்களாம். அந்நிறுவனம் அங்கீகாரம் பெறாதது. கட்டணத்திற்காக அவர் இரு கறவை மாடுகளை விற்றிருந்தார். "அன்றைக்கே நீங்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, ஐயா" என்றார். அவர் கூறியது நியாயமே. பாராட்டுவதற்கு முன் விசாரித்திருக்க வேண்டியது என் கடமை. அப்பெண் பின்னர் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் மீண்டும் முதலாண்டிலிருந்தே படிக்க நேர்ந்தது. மாடுகள் திரும்பவில்லை.

கேட்டறிய வேண்டியவை

ஆகவே, பணம் கட்டுவதற்கு முன் பெற்றோர் நான்கு செய்திகளை எழுத்து மூலம் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

முதலாவது, கல்லூரிக்கு அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது. இக்குறிப்பிட்ட படிப்பிற்கும் அங்கீகாரம் உண்டா என்பது. 2023 ஆம் ஆண்டில் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் நிறைவேறியுள்ளதால், சேரும் ஆண்டில் அங்கீகாரம் வழங்கும் அமைப்பு எது என்பதையும் கேட்க வேண்டும்.

இரண்டாவது, படித்து முடித்தபின் மாநிலப் பதிவேட்டில் பல் சுகாதாரப் பணியாளராகப் பதிவு செய்துகொள்ள இயலுமா என்பது.

மூன்றாவது, பயிற்சி பெறுவதற்கு நோயாளிகள் நாள்தோறும் வரும் பல் மருத்துவமனை அங்கு உள்ளதா என்பது.

நான்காவது, முன்னர் படித்தவர்கள் இப்போது எங்குப் பணியாற்றுகின்றனர் என்பது. சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் பல் மருத்துவர்கள் தாமே துப்புரவுப் பணியையும் செய்துவிடுகின்றனர். எனவே வேலை பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளிலும் நகரங்களிலுமே கிடைக்கும். இதை அறிந்து சேர்பவர் ஏமாற்றம் அடையார்.

ஊராட்சியின் பங்கு

ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் மே 1 அன்று கூடும் கிராம சபையில் இச்செய்திகளை எடுத்துரைக்கலாம். பயிற்சி பெற்ற பெண்ணோ பிள்ளையோ ஊரில் இருப்பின், பல் மருத்துவருடன் இணைந்து பள்ளியில் முகாம் நடத்த அவர்கள் உதவியை நாடலாம். குழந்தைகளின் முதல் நிலைக் கடைவாய்ப்பல் ஏறத்தாழ ஆறு வயதில் முளைக்கிறது. அதையும் விழுந்துவிடும் பால்பல் என்று எண்ணிப் பெற்றோர் கவனியாது விடுகின்றனர். புகையிலையும் பாக்கும் மெல்லுவோர் வாயில் தோன்றும் ஆறாத புண்ணும் வெள்ளைப் படலமும் புற்றுநோயின் முன்னறிகுறியாக இருக்கக்கூடும். அவற்றைக் கண்டவுடன் மருத்துவரிடம் அனுப்பும் பழகிய கண் ஒன்று ஊரில் இருப்பது பெரும் பயன் தரும்.

விதை வாங்கும்போது சான்றட்டையைப் பார்த்து வாங்கும் விவசாயி, பிள்ளையின் படிப்பிற்கும் அதே விழிப்பைக் காட்டுதல் வேண்டும். ஐயம் எழுந்தால் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் தயங்காது கேளுங்கள். தெரியாததை விசாரித்துச் சொல்வதும் எங்கள் கடமையே.