மலையில் வேலையா? லீவுக் கணக்குக்குப் பத்துக் குறிப்புகள்

ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் போகும் காலை பஸ்ஸில் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஆசிரியை. இன்னொருவர் காவலூர் வைணு பாப்பு வான் ஆய்வகத்து ஊழியர். ஏறும் மலை ஒன்றுதான். லீவு விதி வேறு வேறு. ஒருவருக்குச் சரியான கணக்கு மற்றவருக்குத் தப்பாகப் போகும். வீட்டில் யார் வேலைக்குப் போனாலும் இந்தக் குறிப்புகளை ஒருமுறை படித்துவிடுங்கள்.

1. எந்த விதி என்று முதலில் பாருங்கள். மாநில அரசுப் பள்ளி, அலுவலகம் என்றால் 1933ஆம் ஆண்டின் தமிழ்நாடு விடுப்பு விதிகள். காவலூர் ஆய்வகம் பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்தது. அது மத்திய அரசின் கீழ் வரும் தன்னாட்சி நிறுவனம் என்பதால், 1972ஆம் ஆண்டின் மத்திய விடுப்பு விதிகளை ஒட்டிய கணக்கு. மலையிறங்கி வேலூர் பக்கம் சேர்க்காட்டில் உள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகம் போன்ற இடத்தில் வேலை என்றால், பல்கலைக்கழகத்தின் சொந்த விதிகளைக் கேட்டு வாங்குங்கள். பேராசிரியர்களுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2018 விதிகளும் உண்டு.

2. சி.எல். மிச்சம் பிடித்தால் வீண். தற்செயல் விடுப்பு மாநில ஊழியருக்கு ஆண்டுக்கு 12 நாள், மத்திய ஊழியருக்கு 8 நாள். டிசம்பர் 31 ராத்திரியோடு மிச்சம் போய்விடும். யு.ஜி.சி. விதியில் 8 நாள். அது கல்வியாண்டுக் கணக்கு. மிச்சம் போய்விடுமே என்று ஆகஸ்டிலேயே தீர்த்துவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைப்பாதையில் மரம் விழுந்தால் பஸ் வராது. அதற்கென்று இரண்டு நாளாவது கையில் இருக்கட்டும்.

3. பத்து நாள் எல்லையை மறக்காதீர்கள். மாநில ஊழியர் சி.எல்.லை விடுமுறை நாட்களோடு சேர்த்து எடுக்கலாம். ஆனால் மொத்தம் 10 நாளைத் தாண்டக் கூடாது. 2026 பொங்கலைப் பாருங்கள்: ஜனவரி 10, 11 சனி, ஞாயிறு. 12, 13, 14 மூன்று நாள் சி.எல். 15, 16, 17 பொங்கல் விடுமுறை. 18 ஞாயிறு. மூன்று சி.எல். செலவில் 9 நாள் ஊரில் இருக்கலாம். 19ஆம் தேதி திங்களையும் சேர்த்தால் சரியாகப் பத்து. செவ்வாயும் வேண்டும் என்றால் சி.எல். போதாது, ஈட்டிய விடுப்பான ஈ.எல். போட வேண்டும். சி.எல்.லையும் ஈ.எல்.லையும் ஒட்டிப் போட முடியாது என்பதால் முதல் நாளிலிருந்தே ஈ.எல்.தான். வரையறுக்கப்பட்ட விடுப்பான ஆர்.எச். மூன்று நாள் தனியாக இருக்கிறது, அதைச் சி.எல்.லோடு சேர்க்கலாம்.

4. ஈ.எல்.லில் நடுவில் வரும் ஞாயிறும் கணக்கு. ஒரு திங்கள் தொடங்கி அடுத்த வாரம் செவ்வாய் வரை ஈட்டிய விடுப்பு எடுத்தால் வேலை நாள் ஏழுதான், கழிவது ஒன்பது. முன்னும் பின்னும் வரும் விடுமுறையை அனுமதி கேட்டுச் சேர்த்துக்கொண்டால் அது கழியாது. அலுவலகப் பணியாளர்களுக்கு ஜனவரி 1, ஜூலை 1 இரண்டு தேதிகளிலும் 15 நாள் வரவாகும். கோடை விடுமுறை உள்ள மாநில ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 17 நாள். மாநிலத்தில் 240 நாள் வரையும் மத்தியில் 300 நாள் வரையும் சேர்த்துவைத்து, ஓய்வு பெறும்போது பணமாக்கலாம்.

5. சரண்டர் திரும்பி வந்திருக்கிறது. கொரோனா காலத்தில், 2020இல் நிறுத்திய ஈ.எல். சரண்டரைத் தமிழ்நாடு அரசு 2025 அக்டோபர் 1 முதல் மறுபடி அனுமதித்தது. ஆண்டுக்கு 15 நாளை ஒப்படைத்துச் சம்பளமாக வாங்கலாம். வீட்டில் பிரசவம், ஆபரேஷன் எதிர்பார்த்தால் மட்டும் யோசியுங்கள். விற்ற நாள் திரும்பி வராது.

6. மருத்துவ விடுப்புக்கு இரண்டு சான்று. போகும்போது மருத்துவச் சான்று, திரும்பும்போது உடல்தகுதிச் சான்று. எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர் இரண்டாவதை வாங்காமல் பள்ளிக்கு வந்துவிட்டார். கையெழுத்துப் போட விடவில்லை. அந்த ஒரு தாளுக்காக மறுபடி மலையிறங்கினார். டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். மத்திய ஊழியருக்கு ஆண்டுக்கு 20 நாள் அரைச் சம்பள விடுப்பு உண்டு. முழுச் சம்பளத்தில் 10 நாள் படுத்தால் அதில் 20 நாளும் கழியும்.

7. பிரசவ விடுப்பில்தான் பெரிய வித்தியாசம். தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம். மத்திய ஊழியருக்கு 180 நாள். ஆனால் மத்திய ஊழியரான தாய்க்கு, குழந்தை வளர்ப்பு விடுப்பு என்று பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள் தனியாக இருக்கிறது. மறுமணத்துக்குப் பிறகு பிறந்த குழந்தைக்கு விடுப்பு மறுக்கப்பட்ட தருமபுரி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியை வழக்கில், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது. ‘இரண்டு குழந்தை தாண்டிவிட்டது’ என்று யாராவது வாய்மொழியாகச் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள், எழுத்தில் கேளுங்கள்.

8. ஒப்பந்த ஊழியரா? ஒன்றுமே இல்லை என்று நினைக்காதீர்கள். மகப்பேறு நல விதிகளின்படி, முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு கேட்கலாம். பிஎச்.டி. படிக்கும் பெண்களுக்கு யு.ஜி.சி. 2022 விதிப்படி ஆய்வுக்காலம் முழுவதற்கும் 240 நாள் உண்டு. மலைக் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் ஆராய்ச்சிப் படிப்பு வரை போகிறார்கள். அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

9. வாய்ச்சொல்லை நம்பிக் கிளம்பாதீர்கள். ‘சார்கிட்ட சொல்லிட்டேன்’ என்பது விண்ணப்பம் ஆகாது. என்ன வகை விடுப்பு, எந்தத் தேதியிலிருந்து எதுவரை, முன்னும் பின்னும் சேரும் விடுமுறை எது, லீவில் இருக்கும் முகவரி எது என்று நான்கையும் எழுதுங்கள். மாநில ஊழியர் களஞ்சியம் செயலியில் போட வேண்டும் என்றால், செல்போனில் சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று முதல் நாளே போட்டு, திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

10. காலண்டர் அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். எங்கள் வீட்டில் பழைய டெய்லி காலண்டர் அட்டையின் பின்பக்கம்தான் லீவுக் கணக்கு. நான்கு கட்டம்: சி.எல்., ஆர்.எச்., ஈ.எல்., மருத்துவம். எடுத்த அன்றே பென்சிலால் ஒரு கோடு. ஆண்டுக்கு ஒருமுறை அலுவலகத்தில் பணிப்பதிவேட்டைக் கேட்டு, விடுப்புக் கணக்குப் பக்கத்தை இந்த அட்டையோடு வைத்துப் பாருங்கள். போன வருஷம் அப்படிப் பார்த்தபோது, எடுக்காத நாலு நாள் ஈ.எல். கழிந்திருந்தது. அட்டையைக் காட்டியதும் பழைய வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்துத் திருத்தினார்கள். அதிலிருந்து பென்சிலை நூல் கட்டி ஆணியிலேயே தொங்கவிட்டிருக்கிறோம்.