எண் வல்லமையும் மேதைமையும்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய மரபில் வந்தவர்கள் நாம். ஆயினும் காலப்போக்கில் அவ்விரு கண்களுள் ஒன்றை உயர்த்தியும் மற்றொன்றைத் தாழ்த்தியும் பேசப் பழகிவிட்டோம். கணக்கில் நூற்றுக்கு நூறு பெற்ற மாணவனை 'மேதை' என்கிறோம். கணக்கில் தவறியவனை 'மந்த புத்திக்காரன்' என்கிறோம். தமிழ் இலக்கிய வகுப்பில் சேர வரும் மாணவ மாணவியரிடம், "தமிழை ஏன் தேர்ந்தீர்கள்?" என்று வினவினால், "எங்களுக்குக் கணக்கு வராது ஐயா" எனத் தலைகுனிந்து விடையிறுப்போர் பலர். தமிழின்மேல் உள்ள காதலால் வந்தேன் என்று கூறவேண்டிய இடத்தில், கணக்கிற்கு அஞ்சி வந்தேன் என்று கூறும் அந்தத் தலைகுனிவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாகும்.

கணக்கு வல்லவர் அனைவரும் மேதையரா? மேதையர் அனைவரும் கணக்கு வல்லவரா? இவ்வினாக்களுக்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நாம் நாள்தோறும் நடக்கும் இப்புதுவை நகரின் வரலாறே தக்க சான்றுகளைத் தந்து நிற்கிறது.

புதுவை கண்ட எண் வல்லார்

வெள்ளிக் கோள் கதிரவனைக் கடந்து செல்லும் அரிய காட்சியை ஆராயும் பொருட்டுப் பிரெஞ்சு வானியலறிஞர் லெ ழாந்தில் 1760ஆம் ஆண்டு தம் நாட்டை விட்டுப் புறப்பட்டார். 1761ஆம் ஆண்டுக் காட்சிக்கு அவர் புதுவை வந்து சேர இயலவில்லை. நகரம் அப்போது ஆங்கிலேயர் கைப்பட்டிருந்தது. அடுத்த காட்சியை எதிர்நோக்கி 1768ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இந்நகருக்கு வந்தார். எட்டாண்டுக் காலம் காத்திருந்தும் பயனில்லை. 1769ஆம் ஆண்டு சூன் திங்களில் அக்காட்சி நிகழ்ந்த காலைப்பொழுதில் மேகம் வந்து கதிரவனை மூடிக்கொண்டது.

வானம் அவருக்குத் தர மறுத்ததை ஒருவகையில் தமிழர் ஈடுசெய்தனர். இங்குத் தங்கியிருந்த காலத்தில், தமிழர் கிரகணம் கணிக்கும் முறையை அவர் ஆர்வத்துடன் கற்றார். 1765ஆம் ஆண்டு ஆகத்து 30ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவு, தமிழர் கணிப்பின்படி 41 விநாடி மட்டுமே குறைந்து நின்றது. அந்நாளில் ஐரோப்பாவில் பெரிதும் போற்றப்பட்ட தோபியாசு மேயரின் அட்டவணைகளோ 68 விநாடி கூடுதலாகக் காட்டின. இதனை அவரே பதிவு செய்துள்ளார்.

இரண்டாம் சான்று இதனினும் நுட்பமானது. சென்னை வான்நோக்கு நிலையத்தின் பொறுப்பை வகித்தவரும், பிரெஞ்சுக் குடியிற் பிறந்து ஆங்கிலேயர் படையிற் பணியாற்றியவருமான சான் வாரன், 'கால சங்கலித' என்னும் நூலை 1825ஆம் ஆண்டு சென்னையில் வெளியிட்டார். புதுவையில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தம் முன்னிலையில் கிரகணம் கணித்துக் காட்டியதை அந்நூலில் அவர் விளக்கியுள்ளார். அக்கணிதரின் பெயரைத் தம் செவியில் விழுந்தவாறு 'சாமி நாதன் சாஷியா' என வாரன் எழுதி வைத்தார்.

அக்கணிதர் ஏட்டையோ எழுத்தாணியையோ தொடவில்லை. தரையிற் சோழிகளைப் பரப்பினார். வேண்டிய அட்டவணை எண்களையெல்லாம் சில செயற்கைச் சொற்களாகவும் அசைகளாகவும் மனப்பாடம் செய்திருந்தார். சொல்லை நினைவிலிருந்து எடுப்பார்; எண்ணாக மாற்றுவார்; சோழியை நகர்த்துவார். இங்ஙனம் 1825ஆம் ஆண்டு மே 31 – சூன் 1 இரவில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமுமே பிழை நேர்ந்தது. கணித வரலாற்றறிஞர் ஓட்டோ நாய்கெபாவர் 1952ஆம் ஆண்டு 'தமிழ் வானியல்' பற்றி எழுதிய கட்டுரையில் இந்நிகழ்ச்சியை எடுத்தாண்டு, பண்டைப் பாபிலோனியரின் கணக்கு முறைகளோடு இதற்குள்ள உறவை ஆராய்ந்தார். புதுவைத் தரையில் உருண்ட சோழிகள் உலகக் கணித வரலாற்றில் இடம்பெற்ற செய்தி நாம் பெருமை கொள்ளத்தக்கது.

ஆயின் வாரன் மற்றொன்றையும் குறிப்பிடுகிறார். அக்கணிதர் வியத்தகு நினைவாற்றல் உடையவர். தம் கணக்கின் படிகளை மனத்திலும் தரையிலும் ஒழுங்குற வரிசைப்படுத்த வல்லவர். எனினும், அக்கணக்கிற்கு அடிப்படையான வானியற் கொள்கைகளை அறியாதவர் என்பதே வாரனின் கூற்று. 'எவ்வாறு' என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 'ஏன்' என்பது தெரிந்திருக்கவில்லை. இவ்விடத்தில்தான் எண் வல்லமைக்கும் மேதைமைக்கும் இடையேயுள்ள எல்லைக்கோட்டை நாம் காண்கிறோம்.

பாதையில் நடத்தலும் பாதை சமைத்தலும்

சோழி பரப்பியவருக்கு அவ்வாய்பாட்டை வகுத்துத் தந்தவர் யார்? நிலவு புவியை அண்மி வந்து மீளும் சுற்று ஏறத்தாழ 27½ நாள். அவ்வாறான ஒன்பது சுற்றுகள் 248 நாள்களில் மிக நெருக்கமாக நிறைவுறுகின்றன. இவ்வொழுங்கைக் கண்டு, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாக்கியமாக 248 வாக்கியங்களில் நிலவின் நிலையை அடக்கி வைத்தனர் முன்னோர். மரபு இதனை வரருசியின் பெயரோடு சேர்த்து வழங்குகிறது. பிற்காலத்தில் கேரளத்துச் சங்கமகிராம மாதவர் இவ்வாக்கியங்களை மேலும் நுண்மைப்படுத்தினார். முடிவிலாத் தொடர்களைக் கொண்டு வட்டத்தின் அளவைக் காண வழிவகுத்தவரும் அவரே.

வானத்தின் குழப்பமான ஓட்டத்தில் ஓர் ஒழுங்கைக் கண்டதும், அவ்வொழுங்கை எளியவரும் மனனம் செய்யத்தக்க சொற்களில் பொதிந்ததும் மேதைமையின் செயல். அச்சொற்களைப் பிழையின்றி நினைந்து, சோழியைப் பிழையின்றி நகர்த்தியது வல்லமையின் செயல். முன்னது பாதை சமைத்தல். பின்னது பாதையில் நடத்தல். நடப்போர் இன்றேல் பாதை புல் மூடிப்போகும் என்பதையும் நாம் மறத்தலாகாது. நூற்றாண்டுகள் கடந்தும் அம்முறை அழியாமல் நின்றது, அவர்போன்ற எண்ணற்ற கணிதர்களின் நாவினாலும் விரல்களாலுமே ஆகும்.

இஸ்லாமிய அறிவுலகம் தந்த அல்குவாரிஸ்மியின் வாழ்வும் இதனையே வலியுறுத்துகிறது. ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கலீஃபா மஃமூன் ஆட்சிக் காலத்தில், பக்தாதில் வாழ்ந்தவர் இவர். இவருடைய நூற்பெயரிலுள்ள 'அல்ஜப்ர்' என்னும் சொல்லே 'அல்ஜீப்ரா' ஆயிற்று. இவருடைய பெயரே திரிந்து 'அல்காரிதம்' ஆயிற்று. அந்நூலின் ஒரு பெரும்பகுதி வாரிசுரிமைப் பங்கீட்டுக் கணக்குகளைப் பற்றியது. இறந்தவரின் சொத்தை மனைவிக்கும் மக்களுக்கும் பெற்றோருக்கும் உரிய பங்குப்படி பிரித்தளித்தல் மார்க்கக் கடமை. அதில் ஒரு பங்கு பிழைத்தாலும் ஒருவருடைய உரிமை பறிபோகும். ஒவ்வொரு வழக்கிற்கும் தனித்தனியே விடை காண்பது கணக்கர் தொழில். எல்லா வழக்கிற்கும் பொருந்தும் முறையை வகுத்து, அதனை எவரும் பின்பற்றுமாறு படிப்படியாக எழுதி வைத்ததே அல்குவாரிஸ்மியின் பெருமை. தாம் விரைந்து கணக்கிட்டார் என்பதற்காக அவரை உலகம் நினைக்கவில்லை. பிறரும் கணக்கிடச் செய்தார் என்பதற்காகவே நினைக்கிறது.

இராமானுசன் காட்டும் உண்மை

மேதை என்றவுடன் தமிழர் நெஞ்சில் தோன்றும் பெயர் சீனிவாச இராமானுசன். ஈரோட்டில் 1887ஆம் ஆண்டு பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, 1920ஆம் ஆண்டு 32ஆம் அகவையில் மறைந்தவர். கணக்கில் மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டமையால் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் பயின்றும் எஃப்.ஏ. தேர்வில் வெற்றி பெற்றாரில்லை. 1912ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக அமர்ந்தார். மதிப்பெண் பட்டியலை மட்டும் நோக்கியவருக்கு அவர் தோல்வியுற்ற மாணவரே!

இராமானுசனை மனக்கணக்கு மாயாவி போலச் சித்திரிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவரோடு ஐந்தாண்டுக் காலம் பணியாற்றிய கேம்பிரிட்சு பேராசிரியர் ஆர்டியின் கருத்து வேறு. இராமானுசனின் நினைவாற்றலும் கணக்கிடும் ஆற்றலும் சிறந்தவை எனினும் இயல்பிறந்தவை அல்ல. பேரெண்கள் இரண்டைப் பெருக்க வேண்டின் அவரும் மற்றவரைப் போன்றே பெருக்கினார் என்பது ஆர்டி தரும் செய்தி. 1729 என்னும் எண்ணைப் பற்றிய புகழ்பெற்ற நிகழ்ச்சியையும் இவ்வொளியிலேயே காணல் வேண்டும். அவ்வெண் 12, 1 ஆகியவற்றின் கனங்களின் கூட்டுத்தொகை. 10, 9 ஆகியவற்றின் கனங்களின் கூட்டுத்தொகையும் அதுவே. நோய்ப்படுக்கையில் ஒரு நொடியிற் பிறந்த விடை என்று நாம் வியக்கிறோம். அவருடைய கையெழுத்துப் பக்கங்களில் இவ்வகைச் சமன்பாடுகள் காணப்படுவதை அறிஞர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். எண்களோடு நெடுநாள் உறவாடியவர் தமக்கு அறிமுகமான ஒன்றை அடையாளம் கண்டார் என்பதே பொருந்தும்.

வல்லமையும் மேதைமையும் ஒன்றையொன்று எவ்வாறு தாங்கி நிற்கின்றன என்பதற்கு மற்றொரு சான்று காண்போம். 4 என்னும் எண்ணைக் கூட்டுத்தொகையாக 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையிற் பிரித்தெழுதலாம். 200 என்னும் எண்ணை எத்தனை வகையிற் பிரிக்கலாம்? மக்மோகன் என்னும் அறிஞர் பொறுமையுடன் கையாற் கணக்கிட்டு 39,72,99,90,29,388 என்னும் 13 இலக்க விடையைக் கண்டார். இராமானுசனும் ஆர்டியும் 1918ஆம் ஆண்டு வெளியிட்ட சூத்திரத்தில் எட்டு உறுப்புகளைக் கூட்டிய அளவிலேயே அதே விடை கிடைத்தது. வேறுபாடு ஏறத்தாழ 0.004 மட்டுமே. சூத்திரம் கண்டது மேதைமை. அச்சூத்திரம் மெய் என்று காட்டியது மக்மோகனின் உழைப்பு.

மேதை பிழைசெய்யார் என்பதும் தவறான எண்ணமே. 1913ஆம் ஆண்டு இராமானுசன் ஆர்டிக்கு எழுதிய மடலில் பகா எண்களைப் பற்றிக் கூறியவற்றுட் சில பின்னர்ப் பிழையெனத் தெரிந்தன. புதிய நிலத்தில் அடியெடுத்து வைப்பவனுக்கே இடறும் உரிமை உண்டு.

விரைவு ஒன்றே மேதைமையாகுமா?

விரைவாகக் கணக்கிடுதலில் இந்தியாவின் பெயரை உலகறியச் செய்தவர் பெங்களூரைச் சேர்ந்த சகுந்தலா தேவி. 1980ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில், இரண்டு 13 இலக்க எண்களை 28 விநாடியிற் பெருக்கி விடை கூறினார். உளவியலறிஞர் ஆர்தர் சென்சன் இவரை ஆராய்ந்து 1990ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார். எளிய தூண்டல்களுக்கு மறுவினையாற்றும் அடிப்படை விரைவில் சகுந்தலா தேவி பிறரினும் பெரிதும் வேறுபடவில்லை. இளமை முதற்கொண்டு எண்களோடு கொண்ட இடையறாப் பழக்கமே அவ்வற்புதத்திற்குப் பெரிதும் துணைநின்றது என நாம் கொள்ளலாம். இன்று அப்பெருக்கலைக் கைப்பேசி இமைப்பொழுதிற் செய்துவிடுகிறது. அதனால் அவ்வம்மையாரின் அருமை குறைந்துவிடாது; கைப்பேசியும் மேதையாகிவிடாது.

வாய்பாடு என்னும் சொல்

தமிழ் மாணவர்க்கு இங்கு ஒரு சொல்லை நினைவூட்ட விரும்புகிறோம். 'வாய்பாடு' என்பது பெருக்கல் வாய்பாட்டையும் குறிக்கும். தேமா, புளிமா என்னும் சீர் வாய்பாட்டையும் குறிக்கும். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியும் நெல்லிலக்கமும் பொன்னிலக்கமும் ஒலித்த அதே நாவில்தான் நிகண்டும் நீதி நூல்களும் ஒலித்தன. அறுநூற்று இருபத்தைந்து அடிகள் என்று தொல்காப்பியர் தொகை கூறுமிடத்தில் யாப்பும் எண்ணும் கைகோத்து நிற்கின்றன. வெண்பா ஒன்றை அலகிட்டு, தளை பிறழாமல் நோக்கி, ஈற்றடியைச் சரிபார்க்கும் மாணவி, விதியைப் பின்பற்றிப் படிப்படியாக முடிவுக்கு வருகிறாள். அல்குவாரிஸ்மி கற்பித்ததும் இதுவன்றோ! அவளுக்குக் கணக்கு வராது என்று கூறியவர், அவளுக்குள் இருந்த கணக்கை அறிந்திலர்.

முடிவுரை

எண் வல்லமை மேதைமையின் ஒரு வேர், அதுவே மரமன்று. வேரின்றி இராமானுசன் இல்லை. வேர் மட்டும் இருந்தும் 'ஏன்' என்று வினவும் வாய்ப்புக் கிட்டாதவர் புதுவைக் கணிதர். இராமானுசனுக்குப் பள்ளிப் பருவத்தில் கார் என்பாரின் கணிதத் தொகுப்பு நூல் கிடைத்தது. பின்னர் ஆர்டியின் கை கிடைத்தது. சோழி பரப்பியவருக்கோ மனப்பாடம் மட்டுமே கிடைத்தது. அவருக்கும் ஒரு நூலும் ஓர் ஆசிரியரும் வாய்த்திருந்தால் என்னவாகியிருப்பார் என்பதை இன்று யாரும் கூற இயலாது. அந்த வினா ஆசிரியர்களாகிய நம் நெஞ்சை உறுத்த வேண்டும்.

ஆகவே, நூறு மதிப்பெண் பெற்றவனை மேதை என்று கூறி அவன் வினவுதலை நிறுத்திவிடவும் வேண்டா. முப்பது பெற்றவளை அறிவிலி என்று கூறி அவள் கதவை அடைத்துவிடவும் வேண்டா. அறிவு இறைவன் அருளிய கொடை. அதனை அவன் ஒரே அச்சில் வார்க்கவில்லை. வாய்பாட்டை மனனம் செய்யப் பழக்குவோம், அது தேவை. மனனம் செய்த மறுநாளே, 'இது ஏன் இவ்வாறு?' என்று கேட்கவும் பழக்குவோம். அடுத்த ஆண்டு தமிழ் வகுப்பில் சேர வரும் மாணவி தலைநிமிர்ந்து விடை கூறுவாளாயின், இக்கட்டுரை எழுதிய பயனை நாம் பெற்றவராவோம்.