சேகரத்துக்குப் போகிற மருமகனுக்கு

மருமகனே, உன்னைச் சேகரகுருவாகப் போட்டிருக்கிறார்கள் என்று உன் அம்மா போனில் சொன்னாள். ஒன்பது சபை, நீ ஒருவன், வாரத்துக்கு ஒரே ஞாயிறு. இந்தக் கணக்கைப் பலகாலம் போட்டுப் போட்டுத் தோற்றவன் நான். எங்கெல்லாம் தோற்றேன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

1. சனிக்கிழமை விடியற்காலையை யாருக்கும் கொடுக்காதே. பொழுது விடிந்தால் திருமண ஓலை கொடுக்க ஒருவர், ஞானஸ்நான சர்டிபிகேட்டுக்கு ஒருவர், கமிட்டிச் சண்டையோடு நாலு பேர் என்று வாசல் நிறைந்துவிடும். பைக்கில் போகும்போது ஜெபித்துக்கொள்ளலாம் என்று பல வருஷம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அது பிரசங்கத்துக்கு ஒத்திகை, ஜெபம் இல்லை. ஒரு நோட்டுப் போடு. சபைவாரியாக வீட்டுப் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபி. எந்தப் பெயரில் நாக்கு தயங்குகிறதோ அந்த வீட்டுக்கு அன்றைக்கே போ.

2. மெதுவாகப் போ. கால்டுவெல் ஐயர் 1841-இல் இடையன்குடிக்கு வந்து சேர்ந்தது சென்னையிலிருந்து கால்நடையாக. நம் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1912-இல் பேராயரான பிறகும் தோர்ணக்கல் கிராமங்களை மாட்டுவண்டியில் சுற்றினார். உன்னை நடக்கச் சொல்லவில்லை. சபைகளுக்கு நடுவே தேரிமணல் கிடக்கிறது, வெயிலும் சும்மா விடாது. ஆனால் எனக்குப் பைக் வந்த வருஷத்தை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மெஞ்ஞானபுரம் கோயிலின் 192 அடிக் கோபுரம் கண்ணில் பட்டதும் மணி பார்ப்பேன், ஆக்ஸிலேட்டரை முறுக்குவேன். விடியற்காலை நாலரை ஆராதனையில் தொடங்கி, ஒரே ஞாயிறில் ஐந்து சபைகளை ‘முடித்தேன்’ என்று சொல்லித் திரிந்தேன். ஒரு பாட்டி என் காதுபடவே சொன்னாள்: “ஐயர் வந்தாரு. வண்டிச் சூடு ஆறுமுன்னே போயிட்டாரு.”

3. நோயாளி வீட்டில், நற்கருணைப் பெட்டியை மூடிய பிறகும் உட்கார்ந்திரு. பெட்டி திறந்திருக்கும்வரை எல்லாரும் பக்தியாகத்தான் இருப்பார்கள். அதை மூடிய பிறகுதான் வாய் திறக்கும். பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடந்த ஒருவருக்கு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் திருவிருந்து கொடுத்தேன். நான் எழுந்திருக்கையில் அவர் என் அங்கியைப் பிடித்து, “ஐயரே, ஒரு விஷயம்” என்றார். அடுத்த ஊரில் ஆயத்த ஆராதனைக்கு மணி அடித்தாயிற்று. “வர்ற வாரம் சாவகாசமாப் பேசுவோம்” என்று கையை மெல்ல விடுவித்துக்கொண்டேன். வியாழக்கிழமை அவரை அடக்கம் பண்ணினேன். கல்லறைத் தோட்டத்து உடைமரத்தடியில் ஒருவர் கிட்டே வராமலே நின்றுகொண்டிருந்தார். இறந்தவருடைய தம்பியாம். நாலு பனைக்காகப் பதினோரு வருஷம் பேச்சில்லையாம். “அவனைக் கூட்டிட்டு வரச் சொல்லி உங்ககிட்டச் சொல்லணும்னுதான் கெடந்தாரு” என்றாள் அவர் வீட்டம்மா. என்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். குடித்தேன். அந்தத் தொண்டைக் கசப்பு இன்னும் போகவில்லை.

4. கொடுத்ததைக் குடி, போட்ட பாயில் உட்கார். ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் ஒரு வாழைத்தாரைப் போட்டி போட்டு ஆயிரக்கணக்கில் எடுக்கிறவர் வீட்டில்தான் உனக்கு மதியச் சாப்பாடு என்று ஊர் தானாகவே முடிவுகட்டும். ஒரு தடவை போ. மறுதடவை ஓலைவீட்டில் சாப்பிடு.

5. சபை ஊழியரை உனக்கு முன்னால் வை. மாதத்துக்கு ஒரு ஞாயிறு நீ வருவாய். மற்ற ஞாயிறுகளில் சபையைத் தாங்குகிறவர் அவர். சாயங்கால ஜெபத்துக்கு மணி அடிக்கிறவரும் அவரே, நடுச்சாமத்தில் சாவுவீட்டுக்கு ஓடுகிறவரும் அவரே. காணிக்கைக் கணக்கில் பணம் குறைகிறதென்று ஒருவரை நான் கோபமாகக் கேட்டுவிட்டேன். கூட்டல் தப்பு என்னுடையது. அன்றைக்கே மன்னிப்புக் கேட்டேன் என்று வெகுநாள் என்னை மெச்சிக்கொண்டிருந்தேன். திட்டியது கோயில் வாசலில், ஊர் பார்க்க. மன்னிப்புக் கேட்டது கதவு சாத்திய அறைக்குள். அளவு சரியில்லை, பார்த்தாயா?

6. தேர்தல் வருஷத்தில் இரண்டு கட்சிக்காரர் வீட்டுக்கும் போ, இரண்டிலும் காப்பியோடு நிறுத்திக்கொள். இதற்கு மேல் எழுதினால் வம்பு.

7. ஞாயிறு இரவு குருமனைக்குத் திரும்பும்போது உன்னிடம் பேச்சு மிச்சமிருக்கட்டும். ஊருக்கெல்லாம் ஆறுதல் சொல்லிவிட்டு வீட்டுக்கு வெறும் அங்கியாக வந்து விழுவேன். உன் அத்தை அங்கியை வாங்கி நனைத்துப் போடுவாள், சோறு வைப்பாள், ஒன்றும் கேட்கமாட்டாள். அவளுக்குக் கேட்க ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை காலையில் ஜெப நோட்டைப் புரட்டினேன். கடைசிச் சபையின் கடைசி வீட்டுக்குக் கீழே, பென்சிலில், அவள் தன் பெயரை எழுதி வைத்திருந்தாள். எழுதி எத்தனை நாளாயிற்று என்று கேட்டேன். “லெந்து தொடங்கின அன்னைக்கு” என்றாள். அப்போது கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது.