சூம்பிய கை சுழற்றிய பந்து



கிரிக்கெட் என்றதும் பந்தை ஓங்கி அடித்து நூறு ஓட்டங்கள் குவிக்கும் ஆட்டக்காரர்களே நம் நினைவுக்கு வருகின்றனர். நான் எழுதப் போவதோ, 58 டெஸ்ட் ஆட்டங்களில் 167 ஓட்டங்கள் மட்டுமே எடுத்த ஒருவரைப் பற்றி. ஆனால் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 242! அவரே சுழற்பந்து வீச்சாளர் பகவத் சந்திரசேகர்.

இவர் 1945ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் மைசூரில் பிறந்தார். ஐந்தாறு வயதிலேயே இளம்பிள்ளை வாதம் இவரைத் தாக்கியது. இந்நோய்க் கிருமி முதுகுத் தண்டிலுள்ள நரம்பு அணுக்களை அழிக்கிறது. கட்டளையிடும் நரம்பு அழிந்தால் தசை வேலையின்றி மெலிந்து போகிறது. சந்திரசேகரின் வலது கை அவ்வாறு சூம்பிப் போயிற்று. எல்லையில் தடுத்த பந்தை அவர் இடது கையால்தான் திருப்பி எறிவார். ஆனால் பந்து வீசுவதற்கு அவர் பயன்படுத்தியது எந்தக் கையைத் தெரியுமா? அந்தச் சூம்பிய வலது கையைத்தான்!

அந்த மெலிந்த கை சாட்டையைப் போலச் சுழன்றது. பொதுவாகச் சுழற்பந்து வீச்சாளர்கள் மெதுவாக வீசுவர். இவர் பந்தோ மிதவேகப் பந்து போல விரைந்து வரும். மேலும் 'கூக்ளி' என்னும் பந்தில் இவர் வல்லவர். வழக்கமான 'லெக் பிரேக்' வலது கை ஆட்டக்காரரை விட்டு விலகித் திரும்பும். கூக்ளி அதே போலத் தோன்றி, எதிர்த் திசையில் உள்ளே திரும்பும். விரைவும் ஏமாற்றும் ஒன்று சேர்ந்தால் மட்டை என் செய்யும்?

1964ஆம் ஆண்டு, தம் பதினெட்டாம் வயதில், பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்டில் ஆடினார். ஆனால் பாதை நேராக இருக்கவில்லை. 1967-68இல் ஆஸ்திரேலியப் பயணத்தின் நடுவே காயத்துடன் திரும்பினார். அதன் பின் மூன்று ஆண்டுகளுக்கு மேல் டெஸ்ட் அணியில் இடமில்லை. 1971இல் மேற்கிந்தியத் தீவுகளை வென்று வந்த அணியிலும் அவர் இல்லை.

அதே ஆண்டில்தான் அந்தப் பெரிய நாள் வந்தது. லண்டன் ஓவல் மைதானத்தில் ஆகஸ்டு 23ஆம் நாள், 71 ஓட்டங்கள் முன்னிலையுடன் இங்கிலாந்து இரண்டாவது இன்னிங்ஸைத் தொடங்கியது. சந்திரசேகர் 38 ஓட்டங்கள் கொடுத்து 6 விக்கெட்டுகளை வீழ்த்தினார். 101 ஓட்டங்களில் இங்கிலாந்து சுருண்டது. மறுநாள் இந்தியா 4 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. இங்கிலாந்து மண்ணில் நமக்குக் கிடைத்த முதல் டெஸ்ட் வெற்றி அது, தொடரும் நமதாயிற்று. நம் தமிழகத்து வெங்கடராகவனும் அந்த இன்னிங்ஸில் 2 விக்கெட் எடுத்துத் துணை நின்றார்.

மீண்டும் 1977-78இல் மெல்போர்னில், இரண்டு இன்னிங்ஸிலும் 52 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் என்று ஒரே கணக்கில் வீழ்த்தினார்! ஆஸ்திரேலிய மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி அதுவே. அவர் ஆடி இந்தியா வென்ற 14 டெஸ்ட் ஆட்டங்களில் மட்டும் 98 விக்கெட்டுகள் அவருடையவை. 1979இல் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விடைபெற்றார்.

தோழியரே, இவரைப் பற்றி எனக்குச் சொன்னவர் என் தாத்தா. அவருடைய இடது காலும் இளம்பிள்ளை வாதத்தால் சூம்பியதே. தையல் இயந்திரத்தை ஒற்றைக் காலால் மிதித்து மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். ஊரில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. காலைச் சொல்லிக் கூப்பிட்டவர்களே அதிகம். ஓவல் வெற்றிச் செய்தியை வானொலியில் கேட்டு அன்று அழுதேன் என்றார். "இந்தியா ஜெயிச்சதுக்கா தாத்தா?" என்று கேட்டேன். "அதுக்கும்தான். ஆனா அந்தக் கை ஜெயிச்சதே, அதுக்குத்தாம்மா" என்றார்.

இன்று சொட்டு மருந்தின் பயனால் நம் நாட்டில் அந்நோய் இல்லை. 2011 ஜனவரிக்குப் பின் இயற்கையாகப் பரவும் அக்கிருமியால் இங்கு ஒரு குழந்தையும் பாதிக்கப்படவில்லை. 2014இல் இந்தியா போலியோ அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. ஆனால் உடற்குறையைச் சொல்லிப் பட்டப்பெயர் வைக்கும் நோய் நம் வகுப்பறைகளில் இன்னும் இருக்கிறது. நானும் ஒரு தோழியை அவ்வாறு அழைத்ததுண்டு. தாத்தாவின் கதை கேட்ட மறுநாள் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

சூம்பிய கை என்று அந்தச் சிறுவனை ஆட்டத்தில் சேர்க்காமல் விட்டிருந்தால், ஓவலில் நமக்கு வெற்றி ஏது? ஆகவே தோழியரே, எவரையும் குறையைக் கொண்டு அளக்காமல், பெயர் சொல்லி அழைத்து, நம்முடன் ஆட அழைப்போமாக!

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி